விலை ஏறாத வண்டிகள்

இந்த வாரமும் ஒரு நாளிதழ் அந்தப் படத்தைப் போட்டிருந்தது. வெள்ளி நிற உடம்பு, சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். 1955-இல் செய்யப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே. இந்த வகையில் உலகத்தில் மொத்தமே இரண்டுதான். அதில் ஒன்று 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. பக்கத்திலேயே ஃபெராரி 250 ஜிடிஓ, அதற்கும் கோடிக்கணக்கில் ஒரு விலை. கீழே ஒரு கட்டத்துக்குள், பழைய கார் வாங்கிப் போட்டால் தங்கத்தைவிட லாபம் என்று முதலீட்டு ஆலோசனை.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு ஏலச் செய்திகள்மேல் எனக்குள்ள கோபம் தெரியும். கைக்கடிகாரம் வந்தபோதும் எழுதினேன், ஓவியம் வந்தபோதும் எழுதினேன். ஒரு பொருள் என்ன விலைக்குப் போனது என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை யார் செய்தார்கள், எப்படி ஓடுகிறது, இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுவது அந்தப் பொருளுக்குச் செய்கிற அவமரியாதை. கோடி கொடுத்து வாங்கிய கார்களில் பல குளிரூட்டிய கிடங்கில் நிற்கின்றன. கல் தெறித்தால் லட்சங்கள் போய்விடும் என்ற பயத்தில் யாரும் சாவியைத் தொடுவதில்லை.

நான் கேட்க விரும்பும் கேள்வி இதற்கு நேர் எதிரானது. அதே காலத்தில் அதே சாலைகளில் ஓடிய எத்தனையோ ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்றைக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் சேமித்து வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. அவற்றின் விலை ஏன் ஏறவில்லை?

எம்ஜிபியை எடுத்துக்கொள்வோம். 1962-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த இரண்டு இருக்கை வண்டி. நீளமான பானட், குட்டையான பின்புறம், வெயிலடித்தால் மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. அழகில் குறை சொல்ல ஆள் கிடையாது. இங்கிலாந்தில் ஒழுங்காக ஓடுகிற ஒன்றைப் பத்தாயிரம் பவுண்டை ஒட்டிய விலைக்கு வாங்கிவிடலாம். ஒரு சாதாரணப் புதுக் காருக்கு அங்கே இதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி கிடையாது, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை.

எண்ணிக்கை முதல் காரணம். 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். இரண்டே இரண்டு இருப்பதற்குத்தான் இரண்டு கோடீஸ்வரர்கள் அடித்துக்கொள்வார்கள். அடுத்தது குலப்பெருமை. எம்ஜிபியின் 1798 சிசி என்ஜின் பந்தயத்துக்கென்று பிறந்ததில்லை. குடும்பக் கார்களுக்காகச் செய்த பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. நம் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு அது உடன்பிறப்பு. சேகரிப்பாளர்களுக்கு இது இளக்காரம். போர்ஷே 924-க்கும் இதே கதிதான். ஃபோக்ஸ்வாகனுக்காக வரையப்பட்டு, அவர்கள் கைகழுவியதும் போர்ஷே எடுத்துக்கொண்ட கார் அது. தயாரானதோ ஆடியின் நெக்கார்சுல்ம் ஆலையில். என்ஜின் முன்னால், தண்ணீரால் குளிர்வது. பின்னால் என்ஜின் வைத்த 911-ஐக் கும்பிடுகிறவர்கள் இதைப் போர்ஷே என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அது எவ்வளவு சமநிலையாக வளைவில் திரும்பும் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். பெயருக்குக் காசு கொடுக்கிறவர்கள் ஓட்டிப் பார்த்து விலை பேசுவதில்லை.

வயதும் ஒரு காரணம். பதினாறு வயதில் சுவரில் படமாக ஒட்டிய காரை மனிதர்கள் ஐம்பதுக்கு மேல் கையில் காசு வந்ததும் தேடுகிறார்கள். எம்ஜிபியைச் சுவரில் ஒட்டிய தலைமுறைக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் விற்கிறார்கள், வாங்குவதில்லை.

ஒரே எம்ஜிபியிலும் சாதி உண்டு. 1974 இலையுதிர்காலத்துக்கு முன் வந்தவற்றில் பளபளக்கும் குரோம் பம்பர். அதற்குப் பின் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் மூக்கு வைத்து, வண்டியையும் ஒன்றரை அங்குலம் உயர்த்திவிட்டார்கள். திருப்பத்தில் கொஞ்சம் சாயும். அதனால் விலை இன்னும் குறைவு. முதன்முதலாகப் பழைய கார் வாங்க நினைக்கிற இளைஞர் இங்கிலாந்தில் இருந்தால் இந்தக் கறுப்பு மூக்கைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் தகரப் பெட்டிக்கு சில் என்று பெயர். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கூரையும் இல்லாத வண்டியில் முதுகெலும்பே இந்த சில்தான். துரு உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் மினுமினுக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தால் சில் போய்விட்டது, வண்டி நடுவில் தொய்கிறது என்று பொருள். அதை முறையாக வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்து, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து முடித்தால் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். விலை ஏறாததற்கு இதைவிட உறுதியான காரணம் இல்லை. புதுப்பித்து விற்றால் நட்டம் என்பதால் வியாபாரி கிட்டே வருவதில்லை. ஆசைப்படுகிறவன் மட்டும் மிஞ்சுகிறான்.

அந்த ஆசைக்காரனால்தான் இந்த வண்டி பிழைத்தது. எனக்கு ஏலத்தைவிட ஆயிரம் மடங்கு முக்கியமான கதை இதுதான்.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊரே எம்ஜி நிறுவனம் அங்கே வந்ததன் பொன்விழாவைக் கொண்டாடியது. கொடி, ஊர்வலம், பழைய வண்டிகளின் அணிவகுப்பு. விழா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, ஆலையை மூடப்போவதாக அதன் உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறிவிட்டதால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் நட்டம் என்றார்கள். 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியேறியது. இப்படி மூடிய ஆலைகளில் அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவையும் பானட்டையும் தகரத்திலிருந்து அடித்தெடுக்கும் டைகள், டன் கணக்கில் எடையுள்ள அந்த இரும்பு அச்சுகள், பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதோடு அந்த வண்டிக்கு ஆயுள் முடிந்தது.

எம்ஜிபிக்கு அப்படி நடக்கவில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற அமைப்பில் இருந்த டேவிட் பிஷப் என்பவர் அந்த அச்சுகளைத் தேடித் திரட்டினார். ஃபாரிங்டன் என்ற ஊரில் சின்னதாக ஒரு பட்டறை போட்டு, 1988-இல் எம்ஜிபியின் முழு உடற்கூட்டைப் புதிதாகவே செய்யத் தொடங்கினார்கள். துருப்பிடித்த பழைய கூட்டிலிருந்து என்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம், இருக்கை எல்லாவற்றையும் கழற்றிப் புதுக் கூட்டில் மாட்டிக்கொள்ளலாம். உற்பத்தி நின்று எட்டு வருஷம் ஆன வண்டிக்குப் புது உடம்பு! அந்த உடற்கூட்டை வைத்தே 1992-இல் ரோவர் நிறுவனம் ஆர்வி8 என்று ஒரு வண்டியையும் கொண்டுவந்தது. இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார்கள், அதில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது.

இன்றைக்கு எம்ஜிபிக்கு வேண்டிய எந்தத் திருகாணியையும் தபாலில் வரவழைக்க முடிகிறது. அபூர்வமாக இருந்தால்தானே விலை ஏறும்? உதிரி பாகம் தாராளமாகக் கிடைப்பதால் வண்டிகள் சாவதில்லை, சாகாததால் அபூர்வமாவதும் இல்லை. மலிவாக இருப்பதால் ஓட்டுகிறார்கள், ஓட்டுவதால் பாகம் விற்கிறது, விற்பதால் அதைச் செய்கிறவன் பிழைக்கிறான். அந்தக் கிடங்குக் கார்களுக்கு இந்த வாழ்வு கிடையாது.

இந்த எம்ஜிபி கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வண்டலூர் பக்கத்தில் மூடிப்போன நம் கார் ஆலை ஞாபகம் வந்து நெஞ்சு எரிகிறது.

எம்ஜிபியின் போட்டியாளர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதுவும் 1962-தான், அதுவும் மூன்று லட்சத்துக்கு மேல், அதுவும் மலிவு. அதன் சேசிஸ் ட்ரையம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்தது. சின்னத் தெருவிலும் ஒரே மூச்சில் திரும்பிவிடும் அந்த வண்டியை அறுபதைத் தாண்டிய சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இங்கேதான் வந்தது.

ஹெரால்டின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை இதற்குள் இறங்கி, ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் சுழல்கிறது. இதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் கெட்டியாகி நின்றுவிடும், தண்ணீர் புகுந்து மரையை அரிக்கும், ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ராயப்பேட்டையில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவர் எந்த ஹெரால்டு வந்தாலும் முதலில் இதைத்தான் தொட்டுப் பார்ப்பார். “கிரீஸ் அடிச்சிருக்காங்களா சார்? அப்ப முதல்ல அதைக் கழட்டணும், மத்ததெல்லாம் அப்புறம்” என்பார். இதே தண்டையும் ட்ரனியனையும்தான் லோட்டஸ் தன் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கும் எடுத்துக்கொண்டது. எலான் விலை எங்கேயோ போய்விட்டது, ஸ்பிட்ஃபயர் அப்படியே இருக்கிறது.

ஸ்பிட்ஃபயர்கள் ஓடுவதால் இங்கிலாந்தில் இந்த வெண்கலத் துண்டு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. சென்னையில் ஹெரால்டு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அங்கிருந்துதான் வரவழைக்கிறார். பெருங்களத்தூரில் செய்த வண்டிக்கு, கூரியரில் கடல் கடந்து வரும் பாகம். ஸ்டாண்டர்டின் கடைசி காரான ஸ்டாண்டர்டு 2000-இன் உற்பத்தி 1988-இல் நின்றது. அதாவது ஃபாரிங்டனில் புது உடற்கூடு செய்யத் தொடங்கிய அதே வருஷம். பூட்டிக் கிடந்த ஆலை பிற்பாடு ஏலத்துக்கு வந்தபோது, உள்ளே புத்தம் புதிதாகக் கிடந்த உதிரி பாகங்களை வாங்கிக்கொண்டு போனவர்கள் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கடைக்காரர்கள். ஸ்டாண்டர்டு 2000-உம் அங்கத்திய ரோவர் எஸ்டி1-உம் ஒரே உடற்கூட்டில் வந்தவை என்பதால் அவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. ஆலை நின்ற இடத்தில் இப்போது கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஸ்டாண்டர்டில் வேலை பார்த்திருந்தால், பரணில் ஒரு பழைய மேனுவல், ஒரு வரைபடச் சுருள், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பாகம் கிடக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள். ஹெரால்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.