சின்னமாக்கினால் போதுமா?



மகள் வீட்டுக்கு ஆரிகன் வந்து ஒரு மாதமாகிறது. போன வாரம் பேரன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். மாநிலப் பறவைக்கு வண்ணம் தீட்ட வேண்டுமாம். மஞ்சள் மார்பு, அதன் மேல் கறுப்பாக ஒரு 'வி'. பெயர் வெஸ்டர்ன் மெடோலார்க். "நீ இதைப் பார்த்திருக்கிறாயா?" என்றேன். "படத்துல பார்த்திருக்கேன் தாத்தா" என்றான். அந்தப் பதில் மனதில் தைத்துவிட்டது.

இந்தப் பறவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள். 1927இல் அவர்கள் வாக்களித்துத்தான் இது ஆரிகனின் சின்னமானது. இன்று 6 அமெரிக்க மாநிலங்களுக்கு இதுவே பறவை. பெயரில் 'லார்க்' இருந்தாலும் வானம்பாடி இனமல்ல. புல்லாங்குழல் ஊதுவதுபோல் பாடும். மண்ணில் அலகை நுழைத்து, அதை விரித்துத் துளையாக்கிப் புழுபூச்சிகளைத் தேடும். பெண் பறவை தரையிலேயே கூடு கட்டி, சுற்றியுள்ள புல்லைப் பின்னி மேலே கூரையும் வேயும்.

அதன் கெட்டிக்காரத்தனமும் அதுதான், ஆபத்தும் அதுதான். புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கூடு தெரியாது. அடைகாக்கும்போது தொந்தரவு செய்தால் தாய் கூட்டைக் கைவிட்டுப் போவதும் உண்டு. காஸ்கேட் மலைகளுக்குக் கிழக்கே இன்றும் இதன் பாட்டைக் கேட்கலாம். மேற்கே வில்லமெட் பள்ளத்தாக்கில் பழைய புல்வெளிகள் வயலாகவும் வீடாகவும் மாறிவிட்டதால் அரிதாகிவிட்டது. வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கும் மேல் 1970க்குப் பிறகு குறைந்துவிட்டன என்று 2019இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

2017இல் சட்டமன்றத்தில் இதை மாற்றிவிட்டு, மீன்பிடிக் கழுகான ஆஸ்ப்ரேயை வைக்கலாமா என்று பேச்சு வந்தது. கடைசியில் இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள்: ஒன்று பாடும் பறவை, மற்றது வேட்டைப் பறவை. என் கருத்து இதுதான்: பட்டம் யாருக்கு என்று பேசுவதைவிட, புல்லை எப்போது வெட்டுவது என்று பேசியிருந்தால் அந்தப் பறவைக்கு உதவியிருக்கும். அடைகாக்க சுமார் 2 வாரம். குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேற இன்னும் 10, 12 நாள். அதுவரை பொறுத்திருக்க முடியாதா? சின்னம் என்பது விருது அல்ல, பொறுப்பு.

குற்றம் சொல்லும் தகுதி எனக்கு மட்டும் உண்டா? "தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது?" "மரகதப்புறா, சார்!" ஒரு மதிப்பெண். எத்தனை ஆண்டுகள் உங்களிடம் கேட்டிருப்பேன்! அது எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது என்று ஒருநாளாவது கேட்டேனா? இல்லை.

வரும் சனிக்கிழமை மலைக்குக் கிழக்கே போகிறோம். படத்தில் பார்த்ததை அவன் காதால் கேட்கட்டும். உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு மதிப்பெண் கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்திவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் சார்