மையத்தில் நடந்ததைத் தாய்க்குச் சொல்பவர் யார்?

நகரத்தின் தனியார் மழலையர் காப்பகங்களில் பிள்ளையை விட்டுச் செல்லும் பெற்றோருக்கு மாலைக்குள் கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது. என்ன உண்டது, எவ்வளவு நேரம் உறங்கியது, எதற்காக அழுதது என எல்லாம் அதில் இருக்கும். களையெடுக்கவும் சித்தாள் வேலைக்கும் செல்லும் தலித் தாய் தன் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுச் செல்கிறார். அவருக்கு அன்றைய செய்தியைச் சொல்ல வேண்டியது மூன்று வயதுப் பிள்ளைதான்.

மையத்தில் பதிவுகள் இல்லாமலில்லை. 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் குழந்தைகளின் வருகை, சூடான உணவு, எடை, உயரம் என அனைத்தையும் பணியாளர் ஏற்றிக்கொண்டே இருக்கிறார். கைக்குழந்தைக்கான சத்துமாவைப் பெற வரும் தாய்க்கு 2025 சூலை முதல் முக அடையாளச் சரிபார்ப்பும் கட்டாயம். தாயின் முகம் அரசின் கணினிக்குப் போய்ச் சேர்கிறது. மூத்த பிள்ளை நண்பகலில் யாருக்கு அருகில் அமர்ந்து உண்டது என்பது எந்தப் பதிவிலும் இல்லை.

வட மாவட்டம் ஒன்றில் நாங்கள் சந்தித்த தாய் ஒருவர், தம் மகன் வீட்டிலும் தட்டை எடுத்துக்கொண்டு வாசலோரம் தனியே போய் அமர்வதைக் கண்ட பிறகே சந்தேகம் கொண்டார். மையம் ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கு சென்று கேட்டபோது, "புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்பது மட்டுமே பதில். அதே மையத்தில் முன்பு தலித் பெண் ஒருவர் உதவியாளராகச் சேர்ந்தபோது, "சமைப்பது யார்?" என்று சாதி இந்துப் பெற்றோர் கேட்டனர். அவர்களுக்கு அன்றே பதில் கிடைத்தது. மறுநாள் அவர்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்தனர். ஆக, பெற்றோரிடம் பேசும் வழக்கம் அந்த மையத்தில் இருக்கவே செய்கிறது. யாருடைய கேள்விக்கு விடை தரப்பட வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது.

வழக்கறிஞர்களாக நாங்கள் இடறும் இடமும் இதுதான். பொது இடத்தின் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சாட்சி சொல்லச் சட்டம் வயது வரம்பு வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்து பதில் சொல்லும் ஆற்றல் போதும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைக் கூண்டில் நிறுத்தி எந்த வழக்கை நடத்துவது? பள்ளியில் சாக்குத் துணியில் தனித்து அமர்ந்ததை அண்ணல் அம்பேத்கரே வளர்ந்து பெரியவரான பின்புதான் எழுத முடிந்தது. இதற்கிடையில் செயலியில் "உணவு வழங்கப்பட்டது" என்ற பதிவு இருக்கும். அது பொய்யும் அன்று. உணவு வழங்கப்படத்தான் செய்தது. தாயின் புகாருக்கு எதிராக முதலில் நீட்டப்படும் ஆவணமும் அதுவே.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கு உதவும் என நம்புவோர் உண்டு. எங்களுக்கு அந்த நம்பிக்கை குறைவு. தன் தரவைப் பற்றிக் கேட்டறியும் உரிமையை அதன் 11ஆம் பிரிவு ஒப்புதலோடு பிணைக்கிறது. நலத்திட்டங்களுக்காக அரசு கையாளும் தரவுக்கோ 7ஆம் பிரிவு தனிவழி திறந்து வைத்திருக்கிறது.

பணியாளர்களைக் குற்றவாளிகளாக்குவது எங்கள் நோக்கமன்று. பதிவேடுகளிலும் செயலியிலும் அவர்களின் நேரம் கரைகிறது. அவர்களுள் பலர் நம் பெண்கள்; அவர்களும் இதே சாதியின் கண்காணிப்பில்தான் பணிபுரிகின்றனர். ஆனால் மாதாந்திரப் பெற்றோர் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தால், நூறு நாள் வேலைக்குச் சென்ற தாய் எப்படி வருவார்? மாலையில் வைப்பதற்கு அரசாணை தேவையில்லை.

ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்புகள் கோரினால், மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி அமைக்க வேண்டும் என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் கூறியது. மையம் தம் தெருவில் இருந்தால் தாய் வாசலில் நின்று தயங்க வேண்டியதில்லை. எட்டிப் பார்க்கலாம், கேட்கலாம். அந்தத் தாயின் குடியிருப்பில் இப்போது பிள்ளைகளின் கணக்கெடுப்பு நடக்கிறது. நேற்றுவரை முப்பத்தேழு பெயர்கள் சேர்ந்துள்ளன. செங்கல் சூளைக்குச் சென்ற குடும்பங்கள் இன்னும் திரும்பவில்லை.