கரையான் பானையும் கோழிக்குஞ்சும்

முதல் மழை ஓய்ந்த இரவில் விளக்கை மொய்க்கும் ஈசலைப் பிடித்து, இறகு போகப் புடைத்து, வறுத்து, அரிசிப் பொரியோடு தின்றவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை. பூச்சிகளை உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டது. அசாமில் எரிப்பட்டின் கூட்டுப்புழு விரும்பி உண்ணப்படுகிறது. தாய்லாந்தில் சுவர்க்கோழிப் பூச்சியைப் பண்ணை வைத்தே வளர்க்கின்றனர்.

இதைக் கேட்டு, மனிதர் உண்ணும் பூச்சிக்குப் பண்ணை வைக்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. வாங்குவோர் பக்கத்தில் இல்லாத சரக்கு அது. 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்ற பேச்சை நம்பி ஈமு வளர்த்து, 2012இல் கொங்குப் பகுதி விவசாயிகள் பட்ட பாட்டை மறக்கலாகாது. நம் பூச்சியை முதலில் தின்ன வேண்டியது நம் வீட்டுக் கோழிதான்.

இளங்குஞ்சின் தீவனத்தில் 20 சதம் புரதம் இருக்க வேண்டும். கம்பும் குருணையும் மட்டும் போட்டால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். கருவாட்டுத் தூளும் சோயாப் புண்ணாக்கும் விற்கிற விலையில், பத்துக் கோழி வைத்திருப்பவர் எங்கே வாங்குவது? குறைந்த புரதத்தைத் தேடிக் குஞ்சு புறக்கடைக்குப் போகிறது. அங்கே காக்கையும் கீரியும் காத்திருக்கின்றன.

இதற்குக் கைகண்ட வழி கரையான் பானை. வாயகன்ற பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், சோளத்தட்டைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, நன்றாக நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும், அல்லது எறும்பு முந்திக்கொள்ளும். நன்றாகச் சேர்ந்த பானை ஒன்று 30, 40 சிறு குஞ்சுகளுக்குக் காணும். செம்மண் பூமியில் அதிகம் சேரும்.

கரையான் என்றாலே மருந்து ஊற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன். தென்னங்கன்றைக் காக்க அது தேவைப்பட்டது. ஆனால் குளோர்பைரிபாஸ் ஊற்றிய தோப்பிலோ, அஸ்திவாரத்துக்கு மருந்திட்ட வீட்டின் ஓரத்திலோ பானை வைக்கவே கூடாது. விஷம் குஞ்சுக்குப் போகும். பிறகு நமக்கும் வரும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. பட்டு நூற்பு நிலையங்களில் கழியும் கூட்டுப்புழுவை உலர்த்தினால் அதில் பாதி புரதமே. கொழுப்பும் மிகுதியாதலால் சீக்கிரம் சிக்கு நாற்றம் அடிக்கும். அன்றன்றே காயவைக்க வேண்டும். நூறு பங்கு தீவனத்தில் ஐந்து பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள், முட்டையிலும் வாடை வரும்.

'பிளாக் சோல்ஜர்' எனப்படும் கருப்பு ஈயின் புழுவும் நல்ல தீவனமே. காய்கறிக் கழிவைத் தின்று இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்துவிடும். வளர்ந்த ஈ வீட்டு ஈயைப்போல் நம் சோற்றில் வந்து உட்காராது. ஆனால் ஈயை வலைக்கூண்டில் வைத்து முட்டையிடச் செய்வது தனி ஒருவருக்குத் தொல்லையான வேலை. ஒன்றியத்துக்கு ஒரு மகளிர் குழு முட்டையிட வைத்து, மற்றவர்களுக்கு இளம்புழுவாகக் கொடுக்கலாம். இயந்திரத்துக்கு மானியம் தருவதைவிட இந்தக் கூண்டுக்குத் தருவது சிறு விவசாயிக்கு உதவும். இதை அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்.