கம்பை வைத்தவன் துரோகியா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் சிலம்பமும் உண்டு, கராத்தேயும் உண்டு. ஆனால் முன்னதிலிருந்து பின்னதற்குப் போகிறவனுக்கு மட்டும் ஒரு பட்டம் காத்திருக்கிறது: துரோகி. எட்டு வருடம், பத்து வருடம் கம்பு சுழற்றிய ஒரு பிள்ளை, ‘இனி ஜூடோ கற்கப் போகிறேன்’ என்று சொன்னால் போதும். ஆசான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உடன் பயின்றவர்கள் கேலி செய்கிறார்கள். கம்பைத் தொட்டுக்கூடப் பார்த்திராத தமிழ்ப் பெருமைக்காரர்கள் ‘மரபை விற்றுவிட்டான்’ என்று தீர்ப்பு வாசிக்கிறார்கள். இந்தத் தீர்ப்பு பொய் என்பதோடு அந்த மரபுக்கே கேடு என்பதும் என் கட்சி.

முதலில் பெருமைக்காரர்களின் தர்க்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011-இல் ‘ஏழாம் அறிவு’ வந்தபிறகு, போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய்ச் சீனருக்குத் தற்காப்புக் கலை கற்பித்தார் என்பது நம்மவர்களிடையே ஏறக்குறைய மதநம்பிக்கை ஆகிவிட்டது. இந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் சீன நூலான ‘யிஜின் ஜிங்’, போதிதர்மருக்கு ஓர் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு அவர் பெயரில் ஏற்றப்பட்டது என்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அது கிடக்கட்டும். கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கராத்தே நம் வீட்டுப் பிள்ளைதானே? அதைக் கற்கப் போகிறவன் எப்படித் துரோகி ஆவான்? மேடையில் ‘எல்லாம் இங்கிருந்துதான் போயிற்று’ என்பதும், களத்தில் ‘அங்கே போகாதே’ என்பதும் ஒரே வாயிலிருந்து வருவதுதான் வேடிக்கை.

இனி வரலாற்றுக்கு வருவோம். உலகம் இன்று கொண்டாடும் போர்க்கலைகளில் பெரும்பாலானவை, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனவர்களால் உண்டானவை. ஜிகோரோ கானோ இரண்டு பழைய ஜூஜுட்சு மரபுகளை முறையாகக் கற்று, இரண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, 1882-இல் ஜூடோவை நிறுவினார். ஒகினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோவுக்கு வந்த ஃபுனாகோஷி, கராத்தேயின் சீருடையையும் தரப்பட்டைகளையும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டார். ‘சீனக் கை’ என்று பொருள்பட எழுதப்பட்டு வந்த பெயரை ‘வெறுங்கை’ என்று மாற்றி எழுதுவதை நிலைநாட்டியவரும் அவரே. ஜூடோக்காரரான மயேதா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்ததன் விளைவுதான் இன்றைய பிரேசிலிய ஜியு-ஜிட்சு. இப் மேனிடம் விங் சுன் பயின்ற புரூஸ் லீ, 1967-இல் தன் வழிக்கு ஜீத் குன் டோ என்று வேறு பெயர் வைத்தார். நம் பக்கத்து உதாரணமும் உண்டு. மதுரைக்காரரான ஷிஹான் ஹுசைனி கராத்தேயில் பெயர் எடுத்தபின் வில்வித்தைக்குப் போனார். 2025-இல் மறைந்தபோது இரண்டு துறை மாணவர்களும் அவரை ஆசான் என்றே நினைவுகூர்ந்தார்கள்.

சிலம்பம் மட்டும் தூயதா என்ன? வயதுப் பிரிவு, எடைப் பிரிவு, வட்டக் களம், தொட்டால் புள்ளி என்று இன்று நடக்கும் தொடுமுறைப் போட்டி நம் பாட்டன் அறியாதது. சில பள்ளிகளில் வண்ணப் பட்டைகள்கூட வந்துவிட்டன. இவற்றைக் கடன் வாங்கியதில் தவறில்லை. கடன் வாங்கிய கையாலேயே மாணவனைச் சுட்டுவதுதான் தவறு.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய வழக்கு அல்ல. 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது, யாப்பைக் கைவிட்டவன் தமிழைக் கைவிட்டவன் என்றுதான் பண்டிதர்கள் சொன்னார்கள். வெண்பா அதனால் செத்துப்போகவில்லை. யாப்பறிந்து யாப்பை விட்டவனின் வரியில் பழைய ஓசை எங்கோ கேட்டுக்கொண்டும் இருந்தது.

தூய்மையைப் பற்றி ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நாயினம் அந்த ஊரின் பெயர் தாங்கியது. கலப்பில்லாத வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்று தேர்ந்து தேர்ந்து வளர்த்தார்கள். அந்த இனத்தில் செவிடாகப் பிறக்கும் குட்டிகள் உண்டு என்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். நிறமியற்ற வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. கலைக்கும் இதுதான் விதி. வெளிக்காற்று படாமல் காக்கப்படுவது வெளியோசை கேட்காததாகிவிடும்.

எதிர்த்தரப்பின் நியாயங்களை மறைக்க மாட்டேன். ‘நுனிப்புல் மேய்கிறவன் எதிலும் தேறமாட்டான்’ என்கிறார்கள். உண்மை. ஆனால் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் ஓடுகிறவனைப் பற்றி நான் பேசவில்லை. காலடியும் வீச்சும் உடம்பில் ஊறியபின் இன்னொரு கேள்வியோடு புறப்படுகிறவனைப் பற்றிப் பேசுகிறேன். ‘கராத்தே வகுப்புகள் பட்டை விற்கும் கடைகள்’ என்கிறார்கள். பல இடங்களில் அதுவும் உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காகக் கம்பு சுற்றவைத்து ‘உலக சாதனை’ச் சான்றிதழ் வாங்கும் திருவிழாக்களை நடத்துவது யார்? கடை என்றால் இரண்டு பக்கமும் கடைதான்.

மாறுகிறவன் என்ன இழக்கிறான், என்ன பெறுகிறான் என்று உடம்பின் மொழியில் பார்ப்போம். நெற்றி உயரக் கம்பு எதிராளியை எட்ட நிறுத்துகிறது. சிலம்பக்காரனின் கண்ணும் காலும் அந்த இடைவெளியிலேயே வளர்ந்தவை. ஜூடோவோ சட்டைக் கழுத்தைப் பிடிப்பதில் தொடங்குகிறது. இடைவெளியே இல்லை. அங்கே முதல் பாடம் விழுவது. அடிபடாமல் விழக் கற்பது. கராத்தேயில் தாழ்ந்து ஊன்றிய நிலையிலிருந்து இடுப்பைத் திருப்பிக் குத்த வேண்டும். ஓயாமல் நகர்ந்து பழகிய கால் அங்கே தரையோடு சண்டை போடும். ஆகவே பத்து வருடக்காரனும் வெள்ளைப் பட்டை கட்டித்தான் ஆகவேண்டும். இதில் அவமானம் ஏதுமில்லை. தன் பழைய சாமர்த்தியம் செல்லுபடியாகாத இடத்தில் நின்று பார்க்கும்போதுதான், அந்தச் சாமர்த்தியத்தில் எது அறிவு, எது வெறும் பழக்கம் என்பது தெரியவருகிறது. தூரத்தை அளக்கும் கண் எங்கும் கூடவே வரும்.

இது வெறும் ரசனை வழக்கும் அன்று. பஞ்சாலையிலோ பேண்டேஜ் தறியிலோ உழைக்கும் பெற்றோரின் பதினாறு வயது மகளுக்கு விளையாட்டு என்பது கல்லூரி இடம், வேலை, ஊரைவிட்டு வெளியே ஒரு வாசல். ஜூடோ 1964-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. பெண்களுக்கு 1992 முதல் பதக்கம் உண்டு. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகத்தான் இடம்பெற்றது. இதற்காக எல்லோரும் கம்பைப் போட்டுவிட்டு ஓடவேண்டும் என்பதில்லை. கராத்தேயே டோக்கியோவில் 2021-இல் ஒருமுறை ஒலிம்பிக் கண்டது, பாரிஸில் 2024-இல் இல்லை. பதக்கக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது. நம் பெருமிதத்துக்கு அவளுடைய இளமையை வட்டியாகக் கேட்பதற்கு நாம் யார்?

ஆசான்களிடம் கேட்பது இதுதான்: போகிறவரை வாழ்த்தி அனுப்புங்கள், திரும்பி வந்தால் கம்பைக் கொடுங்கள். புதிய பள்ளிக்காரர்களிடம் கேட்பது: பழையதை மறந்துவிட்டு வா என்று சொல்லாதீர்கள், அது உங்களால் முடிகிற காரியமும் அல்ல. பெருமைக்காரர்களிடம் கேட்பது ஒன்றே. சிலம்பம் அழியக்கூடாது என்றால் உங்கள் ஊர் ஆசானிடம் உங்கள் பிள்ளையை நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அனுப்புங்கள். ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். அதற்குப் பிறகு வந்து அடுத்தவர் பிள்ளையைத் துரோகி என்று சொல்லுங்கள், அப்போது பேசிக்கொள்வோம்.