வியட்நாம்: ஊர்களைக் குறைத்தால் ருசி கூடும்

வியட்நாமுக்குப் போகிறவர்கள் பலர் ஒரே வாரத்தில் ஹனோய், ஹாலாங் விரிகுடா, டானாங், ஹோசிமின் நகரம் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறார்கள். இடங்களைப் பார்த்துவிட்டு வர இது போதும். அந்த மக்களின் சாப்பாட்டையும் வாழ்க்கையையும் அறிய விரும்புகிறவர்களுக்குப் போதாது.

காரணம், நாட்டின் நீளம். ஹனோயிலிருந்து ஹோசிமின் நகரம் வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். வழியில் வானிலையும் வரலாறும் மாறுவதால் சமையலும் மாறுகிறது. ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பையே பாருங்கள். மாட்டெலும்போடு சுட்ட இஞ்சி, வெங்காயம், பட்டை, அன்னாசிப்பூ சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு வடிக்கும் சாறுதான் அதற்கு உயிர். ஹனோயில் அது தெளிவாக, மேலே வெங்காயத்தாள் தூவி வரும். தெற்கில் சற்று இனிப்பு ஏறும். கூடவே ஒரு தட்டு நிறைய வாசனைத் தழைகளும் முளைப்பயறும் வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹுவே, 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகர். அங்கே எலுமிச்சைப்புல் மணக்கும் காரமான நூடுல்ஸ் உண்டு. சின்னஞ்சிறு கிண்ணங்களில் அரிசி மாவை ஊற்றி ஆவியில் வேகவைத்து, உலர்ந்த இறால் தூவித் தரும் பான் பியோவும் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடிக்கும் மீன் சாறு, கீரை வதக்கலில்கூட இருக்கும். ஆனால் பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் புலால் தவிர்க்கிறார்கள். அதனால் 'சாய்' என்று பலகை வைத்த சைவ உணவகங்கள் எல்லாப் பெரிய ஊர்களிலும் உண்டு.

சாப்பாட்டைத் தாண்டியும் பார்க்க உண்டு. நடுப்பகுதியில் உள்ள ஹோய் ஆன் என்ற ஊரில் தங்கினால் மி சோனுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா அரசின் மன்னர்கள் கட்டிய செங்கல் சிவன் கோயில்களும் வடமொழிக் கல்வெட்டுகளும் அங்கே இருக்கின்றன. ஹோசிமின் நகரில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியரே திரளாக வந்து வணங்குகிறார்கள்.

எப்போது போவது? வடக்கு, நடு, தெற்கு மூன்றுக்கும் ஓரளவு ஒத்துவருவது மார்ச், ஏப்ரல். செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நடுப்பகுதியில் மழையும் வெள்ளமும் அதிகம். ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டில் கடைகள் பல மூடியிருக்கும், ரயில்கள் நிரம்பி வழியும்.

இரண்டு வாரம் கிடைத்தால் ஹனோய், ஹுவேயும் ஹோய் ஆனும், ஹோசிமின் நகரம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹுவேயிலிருந்து டானாங்குக்குப் பகல் ரயிலில் போனால், ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டியே பாதை வளைந்து செல்லும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு காலையையாவது சந்தைக்குக் கொடுங்கள். அங்கே வாங்கும் தழையும் மீனும்தான் மதியம் உங்கள் தட்டில் வரும். ஒரே வாரம்தான் விடுப்பு என்றால், மூன்றில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றுக்கு இன்னொரு முறை போகலாம்.