பட்டம் ஒரு குற்றமா?

ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் 2025 ஜூலை 1 முதல் ரிமான்ஸ்ட்ரேஷனை, அதாவது விசா மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் முறையை, உலகம் முழுவதும் நீக்கிவிட்டது. விசா மறுக்கப்பட்டால் இனி புதிதாக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஆஸ்பில்டுங் என்னும் ஜெர்மன் தொழிற்பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் நமக்கு இதில் ஒரு நிலைப்பாடு இருந்தாக வேண்டும். தொழிற்பயிற்சிக்கான குடியிருப்புச் சட்டப் பிரிவு 16a-இன் கீழ் வரும் விண்ணப்பங்களைப் பொறுத்தவரை இந்த நீக்கம் தவறு என்பதே இந்த இதழின் கருத்து.

அமைச்சகத்தின் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. 2023 ஜூனிலிருந்து சில தூதரகங்களில் சோதித்துப் பார்த்தார்கள். மறுபரிசீலனையில் சிக்கியிருந்த ஊழியர்கள் புது விண்ணப்பங்களைப் பார்க்க முடிந்தது, காத்திருப்பும் குறைந்தது. ஆனால் மறுபடியும் விண்ணப்பித்துக் காத்திருப்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. மாஸ்டர்ஸ் போகிறவருக்கு ஒரு செமஸ்டர் தவறினால் பெரும்பாலும் அடுத்தது இருக்கிறது. ஆஸ்பில்டுங்கில் ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தோடு. பெரும்பாலான தொழில்களில் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பயிற்சி தொடங்கிவிடும். பையன் வரவில்லையென்றால் நிறுவனம் வேறொருவரை எடுத்துக்கொள்ளும்.

நாம் இழந்ததில் இதைவிடப் பெரியது வேறொன்று. முதல் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் சுருக்கமானது. ரிமான்ஸ்ட்ரேஷனுக்கு வரும் பதிலில்தான் அதிகாரி என்ன நினைத்தார் என்பது விரிவாகத் தெரியும். தங்கும் நோக்கம் நம்பும்படி இல்லை என்ற பொதுவான வரிக்குப் பின்னால், பி.இ. முடித்தவர் எதற்காக மெக்கட்ரோனிக்ஸ் பயிற்சிக்கு வருகிறார் என்ற சந்தேகம் இருந்ததை அந்தப் பதில்களில்தான் நம்மில் பலர் படித்தோம். இனி அது எழுத்தில் வராது. சந்தேகம் மட்டும் மேசையில் அப்படியே இருக்கும்.

இதே பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன். பட்டதாரி ஆஸ்பில்டுங் படிக்கக் கூடாது என்று 16a எங்கும் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் பிரிவு 17-ஐத் திருத்தி, பயிற்சி இடம் தேடி வருகிறவர்களின் வயது வரம்பை 25-லிருந்து 35-க்கு உயர்த்தினார்கள். 34 வயதில் வருகிறவர் பள்ளிப் படிப்போடு நின்றிருப்பார் என்று எதிர்பார்த்தா அந்தத் திருத்தம் வந்தது? ஜெர்மனியிலேயே பல்கலைக்கழகம் போகத் தகுதி தரும் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூர் முடித்தவர்கள் கணிசமாக ஆஸ்பில்டுங்குக்குப் போகிறார்கள். அங்குள்ள தகுதிச் சட்டகத்தில் உயர் தொழில் தகுதியான மைஸ்டரும் பேச்சிலர் பட்டமும் ஒரே ஆறாம் நிலையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. தன் பிள்ளைகளுக்கு இரண்டு பாதையும் சமம் என்று எழுதி வைத்த நாடு, கோயம்புத்தூர்ப் பையன் தொழில் பாதையைத் தேர்ந்தெடுத்தால் நம்ப மறுப்பது என்ன நியாயம்?

அந்தப் பையன் ஏன் முதலில் பி.இ. சேர்ந்தான் என்பதையும் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களுக்குத்தான் ஐ.டி.ஐ. என்று பள்ளி சொன்னது. டிகிரி இல்லாமல் பெண் கிடைக்காது என்று வீடு சொன்னது. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தைத்தான் அரசு மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறது. இத்தனை பேர் சொல்லி வாங்கிய பட்டம், இருபத்துமூன்று வயதில் அவன் முதல்முறையாகத் தானே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. இந்தியர்களுக்கான திறன்தொழிலாளர் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் பெர்லின் அறிவித்தபோது இங்கே கைதட்டினோம். எண்ணிக்கையை உயர்த்தியவர்கள் மறுப்புக்குக் காரணத்தை முழுதாக எழுதவும் ஆள் ஒதுக்கியிருக்க வேண்டும். எங்கள் மாணவர்கள் 75 யூரோ கட்டணம் கட்டி, ஜெர்மன் மொழியில் பி1 முடித்து, ஒப்பந்தமும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பக்க விளக்கம் தர முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. ஒரே மோட்டிவேஷன் லெட்டரைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுக்கும் பழக்கம் இன்றோடு போகட்டும். பட்டத்தைக் கடைசிப் பத்தியில் ஒளிக்க வேண்டாம். படித்தது என்ன, அதில் எது இந்தப் பயிற்சியோடு சேர்கிறது, எது சேரவில்லை என்பதை மாணவரே தன் ஜெர்மனில் முதல் பத்தியில் எழுதட்டும். ஒப்பந்தம் பேசும்போதே அதே சட்டத்தின் பிரிவு 81a சொல்லும் விரைவு நடைமுறைக்கு நிறுவனத்தைச் சம்மதிக்க வையுங்கள். 411 யூரோ கட்டணத்தை நிறுவனம் கட்டினால், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகமே முன்கூட்டி ஆராய்ந்து ஒப்புதல் தந்துவிடும். விண்ணப்பம் வெறும் கையோடு தூதரகத்துக்குப் போகாது. சிறு பட்டறைகள் பலவற்றுக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. மின்னஞ்சலில் நாம்தான் சொல்ல வேண்டும்.