பூஜ்யம் சொன்ன பொய்

வீட்டுக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதிய காலம் போய், இப்போது நம்மில் பலர் எக்ஸெல் தாளில் போட்டு வைக்கிறோம். கூட்டல் கழித்தலை அதுவே பார்த்துக்கொள்கிறது, சௌகரியந்தான். ஆனால் ஒரு நாள் திடீரென்று கட்டத்துக்குள் '#' குறியும் அதன் பின்னால் ஏதோ ஆங்கில எழுத்துக்களும் முளைக்கும். விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அந்த மாதிரி அதை மறைத்துவிடத்தான் நமக்குத் தோன்றும்!

நானும் அப்படித்தான் மறைத்தேன்.

எங்கள் குடியிருப்பில் பெண்களாகச் சேர்ந்து தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறோம். மாதம் 500 ரூபாய். "படித்தவள், பத்திரிகையில் வேலை" என்று சொல்லிக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் கட்டியவர்களின் பெயரை மாதாமாதம் ஒரு தாளில் குறிப்பேன். உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயரையும் அதில் தேடித் தொகையை எடுத்துவர ஒரு ஃபார்முலா. பெயர் அகப்படாவிட்டால் '#என்/ஏ' என்று வரும். அந்த மாதம் கட்டாதவர்களுக்கெல்லாம் அப்படி வந்தது. பார்க்க நன்றாக இல்லையே என்று, 'இஃப்எரர்' என்னும் போர்வையைப் போர்த்தி, பிழை வந்தால் 0 காட்டும்படி செய்தேன். தாள் பளிச்சென்று ஆகிவிட்டது!

தீபாவளிக்கு முந்தின வாரம் பணம் பிரித்தோம். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு 1,000 ரூபாய் குறைந்தது. "இல்லீங்கம்மா, எல்லா மாசமும் கட்டிட்டேன். காலண்டர்ல பாப்பா எழுதி வச்சிருக்கா" என்றாள். "கம்ப்யூட்டர் தப்புப் போடுமா?" என்று யாரோ கேட்க, அவள் முகம் சுண்டிப் போயிற்று.

அன்றிரவு போர்வையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதங்களில், அவள் பெயருக்குப் பின்னால் என் விரல் ஓர் இடைவெளியைத் தட்டியிருந்தது. நம் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸெலுக்கோ அது வேறு பெயர். '#என்/ஏ' என்று அது கூவியிருக்கிறது. வாயைப் பொத்தியவள் நான். பணம் கட்டாதவர்களின் 0 உண்மை. அவளுடைய 0 பொய். போர்வைக்கு மேலே இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. பாங்கில் 1,000 ரூபாய் கூடுதலாக இருந்ததை வட்டி என்று நினைத்திருந்தேன்! மறுநாள், அதே பெண்கள் முன்னிலையில் பணத்தைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன்.

சொல்லப் போனால், குறி தெரிவதே ஒரு பாக்கியம். 2010-ல் பேராசிரியர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் நாடுகளின் கடனைப் பற்றி எழுதிய பிரபல கட்டுரையில், சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. எந்தக் குறியும் தோன்றவில்லை. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்த பிறகே இது வெளிவந்தது.

சகோதரிகளே, மறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகு மறையுங்கள். '#டிவ்/0!' என்றால் பூஜ்யத்தாலோ காலிக் கட்டத்தாலோ வகுக்கிறீர்கள். எண்ணை நிரப்பும் வரை விடையும் காலியாக இருக்கும்படி 'இஃப்' போடலாம். '#வேல்யூ!' என்றால் பெரும்பாலும் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து. '#ரெஃப்!' என்றால் ஃபார்முலா நம்பியிருந்த கட்டத்தை அழித்துவிட்டீர்கள். '#நேம்?' என்றால் ஃபார்முலாவில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் '####' வந்தால் பயம் வேண்டாம். பெரும்பாலும் கட்டத்தின் அகலம் போதவில்லை, அவ்வளவுதான்.

பெயர் தேடும் இடத்தில், எக்ஸெல் 2013-ல் வந்த 'இஃப்என்ஏ' போதும். அது '#என்/ஏ' ஒன்றை மட்டும் மூடும். மற்றப் பிழைகள் தெரியும். அதிலும் 0 வேண்டாம்; "பெயர் இல்லை" என்று காட்டச் சொல்லுங்கள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியை 'ட்ரிம்' துடைத்துவிடும். மொத்தத்தைப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

இந்தச் சீட்டில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் அந்த அம்மாள் தன் காலண்டரை எடுத்து வருவாள். நான் தாளைத் திறப்பேன். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் காப்பி!